கல்லுக்கு யாரு?

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேலிப் பேச்சிலிருந்து கிடைத்தது. ஈப்போ பஸ் நிலையத்தில் செமோர் பஸ்ஸுக்காக நின்றிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி மற்றவளைப் பார்த்து, "ஏறுடி கல்லு!" என்றாள். மற்றவளுக்குக் கோபம் வரவில்லை. "நீ மொதல்ல ஏறு, நீதான பெரிய கல்லு," என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்றவன் நான். எழுதுகிறவனுக்கு ஒட்டுக் கேட்கிற காது தானாக வளர்ந்துவிடும். பஸ்ஸில் பின் இருக்கையில் உட்கார்ந்து, "அக்கா, அது என்னக்கா கல்லு?" என்று கேட்டுவிட்டேன்.

பெரிய கல்லின் பெயர் ராக்காயி. சின்னக் கல்லின் பெயர் பாப்பா. செமோர் போய்ச் சேரும்வரை ராக்காயி சொல்லிக்கொண்டே வந்தாள், சிரித்துச் சிரித்துச் சொன்னாள். கேட்ட எனக்குத்தான் வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை. அடங்கியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எழுத்து எனக்குப் பிழைப்பு அல்ல. ஜெலாப்பாங்கில் டிராக்டர் உதிரிபாகக் கடை ஒன்றில் நிற்கிறேன். பகலெல்லாம் கிரீஸ் கை, ராத்திரி பேனா கை. (கதையில் வரும் டிராக்டரை எங்கள் கடையில் வாங்கினார்களா என்று கேட்பீர்கள். இல்லை. நாங்கள் டிராக்டர் விற்பதில்லை. பெல்ட், பில்டர், பேரிங் மட்டும்தான்.)

2

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

"சுண்ணாம்பு மலையின் தோளில் காலைக் கதிரவன் பொன்னாடை போர்த்தியபோது, பால்மரங்களின் குளிர்ந்த நிழலில் ராக்காயி—"

அங்கேயே நிறுத்திவிட்டேன். எந்தப் பால்மரம்? எந்த நிழல்? மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்த்து லோரியில் ஏற்றிப் போன பிறகுதான் கதையே ஆரம்பமாகிறது. அங்கே மிச்சம் இருந்தது அடிக்கட்டையும் லாலாங் புல்லும் தலையைப் பிளக்கும் வெயிலும்தான். பொன்னாடையாம். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

இரண்டாவது தொடக்கம்: "ராக்காயி நல்ல பருமன்."

இதைப் படித்தால் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரும்தான். ஆனால் கதையில் ஒருவர் ராக்காயியைப் பற்றி முதலில் கவனித்ததும் இதைத்தான். அவரும் இதில்தான் ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்த இடத்தில் நானும் ஆரம்பிக்கப் போவதில்லை.

மூன்றாவது: "பதினெட்டுக் குதிரைகள் ஒரு சின்ன டிராக்டருக்குள்—"

இது பிள்ளைகள் கதை. ஆனாலும் அந்தக் குதிரைகள் எனக்குத் தேவைப்படும். ஓரமாகக் கட்டிவைத்திருக்கிறேன்.

3

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு, அது யார் வாயிலும் நுழையாது. மலைக்கு அடியில் இருந்ததால் நம் ஆட்களுக்கு அது சுண்ணாம்புத் தோட்டம். எழுபதுகளின் கடைசியில் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்களுக்கு ரப்பர் வேண்டாம், கோல்ப் மைதானம் வேண்டும். மரத்தை வெட்டி, மேட்டைச் சரித்து, பள்ளத்தை நிரப்பி, பணக்காரர்கள் பந்து தட்டுவதற்குப் புல் போட வேண்டும். அந்த வேலையை ஒரு சீன முதலாளி, தௌக்கே என்பார்கள், காண்டிராக்டாக எடுத்தார்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களுக்கு ஓர் உத்தரவு வந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் காண்டிராக்டரிடம் வேலை செய்தால், வேலை முடியும்வரை லயத்து வீட்டில் இருந்துகொள்ளலாம். ஆள் வராத வீட்டைக் காலி செய்ய வேண்டும். ராக்காயியின் புருஷன் சின்னையா ஜெலாப்பாங்கில் பலகைத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அது கணக்கில் சேராது. அதனால் ராக்காயி வந்தாள். அவள் வேலை போனால் வீடு போகும். போனால் போக்கிடம் கிடையாது. இந்தக் கதையில் அவளுக்குப் பணயம் அதுதான். நீங்கள் அதை மறக்காமல் இருக்க வேண்டும். அவள் ஒரு நிமிஷமும் மறக்கவில்லை.

மேற்பார்வைக்கு ஜெயபாலன். அதே லயத்தில் பிறந்தவர், தோட்டத்தில் ஆள் மேய்த்த ஒரு தண்டலின் மகன். காக்கிக் கால்சட்டை, தொப்பி, கையில் ஒரு விசில். அவரும் நம்மாள்தானே, அவருக்கும் மேலே தௌக்கே உண்டே, பிள்ளைகுட்டி உண்டே என்று எழுதச் சொல்லி என்னிடம் ஒரு நண்பர் வாதாடினார். உண்டு. மூன்று பெண் பிள்ளைகள். எழுதிவிட்டேன், போதுமா?

தௌக்கே ஒரு சின்ன ஜப்பான் டிராக்டர் வாங்கி வந்தார். முன்னால் மண் அள்ளுகிற பக்கெட், பின்னால் ஐந்தடி அகலத்துக்குப் புல்வெட்டி. ஒரே வண்டியில் இரண்டு வேலை. எல்லாரையும் கூப்பிட்டு, என்ஜின் மூடியைத் தட்டிக் காட்டி, "லப்பான் பெலாஸ் கூடா! சுக்குப் லா!" என்றாராம்.

ஜெயபாலன் அதைத் தமிழாக்கினார். "பதினெட்டுக் குதிரையாம். போதும்ங்கிறாரு."

போதாது.

4

இங்கே நான் கதையை நிறுத்திக் கொஞ்சம் கடைக்காரனாகப் பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குப் புரியாவிட்டால், என் கோபம் வெறும் சத்தமாகத் தெரியும்.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை குதிரை?" பெண் பார்க்கப் போனவன் எத்தனை பவுன் என்று கேட்பதுபோல் கேட்பார்கள். என்ஜினில் பதினெட்டு என்று எழுதியிருந்தால் பதினெட்டும் வேலைக்கு வந்து சேராது. கியர்ப்பெட்டியைத் தாண்டி, பின்னால் புல்வெட்டியைச் சுழற்றுகிற தண்டுக்கு வருவது பதினைந்து. புல்வெட்டிக்கு அந்தப் பின்கணக்குதான் கணக்கு. வெட்டுகிற அகலத்தில் ஓரடிக்கு ஐந்து குதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தடிக்கு இருபத்தைந்து ஆகிறது. லாலாங் மண்டிய காடு என்றால் அதுவும் இழுபறிதான். பதினைந்துக்கு மூன்றடி, மிஞ்சிப்போனால் நாலடி புல்வெட்டி மாட்டியிருக்க வேண்டும். இது குருவி தலையில் பனங்காய்.

மண் அள்ளுகிற பக்கெட்டுக்கு வேறு கணக்கு. அதற்குக் குதிரை அவ்வளவு முக்கியமில்லை. எண்ணெய் அழுத்தம் இருந்தால் சின்ன என்ஜின்கூடத் தூக்கிவிடும். தூக்கிய பிறகு வண்டி நிற்குமா என்பதுதான் கேள்வி. முன்னால் மண் கனக்கக் கனக்கப் பின்சக்கரம் லேசாகும். பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தில். பின்சக்கரம் தரையை விட்டால் பிரேக் இருந்தும் இல்லை. ஆகவே வண்டிக்குப் பின்னால் எதிர்ப்பாரம் வேண்டும். இரும்புக் கட்டியோ, சிமெண்டு ஊற்றிய டிரம்மோ, எதையாவது மாட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் பெரிய படிப்புப் படிக்க வேண்டியதில்லை. டிராக்டரோடு வருகிற கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருப்பான், தமிழோ ஆங்கிலமோ தெரியாதவனுக்கும் விளங்கும் படம்.

தௌக்கே குதிரையைக் கேட்டார், கனத்தைக் கேட்கவில்லை. அந்தக் கனத்தை யார் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கதை.

5

டிராக்டர் ஓட்ட கஸ்பார். தோட்டத்தில் ரப்பர்ப் பால் வண்டி ஓட்டிய பழைய டிரைவர். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவன், மற்ற நாட்களில் யாரிடமும் அதிகம் பேசாதவன். லாலாங் காட்டில் ஐந்தடி புல்வெட்டியை வைத்துக்கொண்டு பாதி பாதி அகலமாக வெட்டிக்கொண்டிருந்தான். ஜெயபாலன் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

"ஏன் பாதி பாதியா வெட்டுற? அஞ்சடி மிசின்தானே? அஞ்சடியும் வெட்டு."

"இழுக்க மாட்டேங்குதுண்ணே. கறுப்புப் புகையா தள்ளுது."

"அப்ப வேகமா போலா!"

வேகமாகப் போனான். லாலாங் மறைவில் ஒரு பால்மரத்தின் அடிக்கட்டை இருந்தது. புல்வெட்டி அதில் மோதிக் கத்தி வளைந்து, சுழல்பெட்டி பிளந்தது. ரோசாக், கெட்டுப்போயிற்று. ஜெலாப்பாங் பட்டறைக்கு அனுப்பினார்கள். சாமான் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும் என்று அங்கே கிடந்தது.

அந்தப் புல்வெட்டி பின்னால் தொங்கியவரை அதுதான் எதிர்ப்பாரமாக இருந்தது. யாரும் அதற்காக அதை மாட்டவில்லை. ஆகவே அது போனபோது கூடவே எது போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. புல் வெட்டுகிற வேலை நின்றதும் ஜெயபாலன் டிராக்டரை மண் அள்ள விட்டார். முதல் பக்கெட் செம்மண்ணைத் தூக்கியதும் பின்சக்கரங்கள் ஒரு சாண் உயரம் எழும்பின. வண்டி முன்னால் குப்புறக் குனிந்தது.

"அக்கா, ஓடியாங்க!" என்று கஸ்பார் கத்தினான். "ரெண்டு பேரு பின்னாடி ஏறி நில்லுங்க. இந்த ஒரு நடை மட்டும்!"

ராக்காயியும் பாப்பாவும் ஓடிப்போய் ஏறினார்கள். அவர்களுக்கு அது புதிதல்ல. மழைக்காலத்தில் பால் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால், நாலு பேர் டிராக்டருக்குப் பின்னால் தொற்றி நிற்பார்கள். சக்கரம் மண்ணைக் கவ்வும், வண்டி கிளம்பும், எல்லாரும் கூச்சல் போட்டுச் சிரித்துக்கொண்டே குதித்து இறங்குவார்கள். தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. அன்றைக்கும் சிரித்தார்கள். பின்சக்கரம் தரையில் உட்கார்ந்தது. மண் லோரியில் விழுந்தது.

ஜெயபாலன் சிரிக்கவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6

(கஸ்பாரைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம். இதற்கு முந்தைய பிரதியில் அவனை நல்லவனாக எழுதியிருந்தேன். பெண்களை ஏற்ற மாட்டேன் என்று அவன் தகராறு செய்வதாக ஒரு பக்கம், நல்ல வசனங்களோடு. இன்னொரு நாள் பஸ்ஸில் ராக்காயியிடம் அதைப் படித்துக் காட்டினேன். "யாரு, கஸ்பாரா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "அவன்தானய்யா மொதல்ல ஏறச் சொன்னான்!" அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அப்புறம் அவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். அதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் ஒத்தாசைக்குத்தான் கூப்ட்டான். ஒத்தாசைய வேலையாக்குனது அவன் இல்ல." ஆகவே கஸ்பார் இந்தப் பிரதியில் நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. ஒரு காரியம் மட்டும் செய்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் முதல்முறை ஏறிய அன்று மாலை ஜெயபாலனிடம் போய்க் கேட்டான்.)

"ஒரு டிரம்முல சிமெண்டு ஊத்திப் பின்னாடி மாட்டிக்கலாம்ண்ணே."

"டிரம்மு எதுக்கு? அது காயணும், கொக்கி அடிக்கணும், பட்டறைக்கு ஆள் அனுப்பணும். சூசாலா, பெரிய தொல்ல." ஜெயபாலன் வேர் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் கையை நீட்டினார். "ஆளு சும்மாதானே நிக்குது?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மற்ற எல்லா வாக்கியத்தையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆளு சும்மாதானே நிக்குது. முதுகு ஒடிய வேர் பொறுக்கியவர்களைப் பார்த்துச் சொன்னது. அதுவும் "நிக்குது." பேச்சுவழக்கில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம், இதற்கெல்லாம் குதிக்காதே என்பீர்கள். சரி, குதிக்கவில்லை. பேச்சுவழக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும். மறுநாள் காலைப் பிரட்டில், ஆட்களை வரிசையாக நிற்க வைத்து வேலை பிரித்துக் கொடுக்கும்போது, அவர் கேட்டது பேச்சுவழக்கு இல்லை.

"வேர் பொறுக்க நீங்க ஆறு பேரு. வாய்க்கால் வெட்ட நீங்க. கல்லுக்கு யாரு?"

யாருக்கும் புரியவில்லை. எந்தக் கல்லு என்று பார்த்தார்கள்.

"டிராக்டருக்குப் பின்னாடி நிக்கிற கல்லுலா!" என்றார்.

7

பழைய ஸ்டோரில் பால் நிறுக்கிற மேடைத் தராசு ஒன்று இருந்தது. தோட்டம் போனாலும் தராசு போகவில்லை. கனமான ஆள் வேண்டும் அல்லவா, யார் கனம் என்று கண்ணால் பார்த்தால் போதாதா? ஜெயபாலன் தராசுக்கே கூட்டிப்போனார்.

அந்தத் தராசைப் பற்றி அங்கே எல்லாருக்கும் தெரியும். விடியுமுன்னே எழுந்து, மரம் மரமாக ஓடி, வாளி வாளியாகச் சுமந்து வந்த பாலை அது ஒருநாளும் முழுசாகக் காட்டியதில்லை. வரிசையில் முத்தம்மா நின்றாள், லயத்தின் கடைசி வீட்டுக்காரி. புருஷன் இல்லாதவள், வீட்டில் வேலைக்கு வருகிற வயதில் அவள் ஒருத்திதான்.

"இத்தன வருசமா பாலுக்குக் கொறச்சுக் காட்டுச்சு," என்றாள் முத்தம்மா. "ஆளுக்கு மட்டும் சரியா காட்டிருமா?"

"பேசாம ஏறு."

ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். செல்லாயி ஒல்லி, அவளை வேர் பொறுக்க விரட்டினார். ராக்காயி ஏறியபோது ஜெயபாலன் முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எழுபத்தெட்டு!"

வாய்க்கால் வெட்டப் போகிற ஆண்கள் வெளியே நின்றிருந்தார்கள். ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன், "சின்னையா என்னத்தடா ஆக்கிப் போடுறான்?" என்றான்.

ராக்காயி அதற்கு முன்னால் தராசில் ஏறியது ஆஸ்பத்திரியில், பிள்ளை பெறப் போனபோது. அங்கே நர்ஸ் எடையைப் பார்த்துத் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு எழுதினாள், அவ்வளவுதான். இங்கே ஏலம் போடுகிற மாதிரி கத்தினார்கள். அவளுக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகுதான் கோபம் வந்தது. முதலில் வெட்கம் வந்துவிட்டதே என்று அதற்காக இன்னொரு கோபமும் வந்தது. கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு தராசிலிருந்து இறங்கினாள். யாரையும் பார்க்கவில்லை. வீட்டை நினைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் இந்த இடத்தைச் சொல்லும்போதுதான் அவள் மிக அதிகமாகச் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும், "சிரிங்க தம்பி, பரவால்ல," என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

8

அன்றிலிருந்து அது ஒரு வேலை. காலையில் பிரட்டு, "கல்லுக்கு யாரு?", "ராக்காயி, பாப்பா." முடிந்தது. டிராக்டரின் பின்பக்கம் சாமான் மாட்டுகிற இரண்டு இரும்புக் கைகள் உண்டு. ஆளுக்கொன்றில் கால் வைத்து, சக்கரத்தின் மேல்தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உட்கார இடமில்லை. இரண்டு பேருக்கும் நடுவே புல்வெட்டியைச் சுழற்றுகிற தண்டின் முனை மூடியில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. புல்வெட்டி இல்லாததால் அது சும்மா இருந்தது. ஆனால் அதைச் சுழலவிடுகிற நெம்புகோல் கஸ்பாரின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. முழங்கை தவறிப் பட்டால் சுழலும், கைலி நுனி சிக்கினால் காலோடு சுற்றிக்கொள்ளும். இரண்டு பேரும் கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டார்கள். அதற்கும் வாய்க்கால்காரர்கள் விசிலடித்தார்கள்.

பேசினால் ஜெயபாலன் விசில் ஊதுவார். "கல்லுன்னா கல்லு மாதிரி நிக்கணும்லா!"

பாப்பா ஒருநாள் கேட்டாள், "ஏக்கா, நாம செய்யிறது என்னா வேலைக்கா?"

ராக்காயி யோசித்துப் பார்த்தாள். பால் வெட்டினால் பால் வரும். புல் வெட்டினால் தரை தெரியும். இதில் சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் அவள் செய்தது என்று எதுவுமே இல்லை. கனமாக இருந்தாள், அதற்குக் கூலி.

"சும்மா இருக்கிற வேலைடி," என்றாள்.

9

இந்த இடம்வரை எழுதி, ஈப்போவுக்கு ஒரு கூட்டத்துக்கு வந்திருந்த கோலாலம்பூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தேன். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தே படித்தார்.

"நல்லா வந்திருக்கு. ஆனா கனம் பத்தல," என்றார்.

"என்ன செய்யணும் ஐயா?"

"யாராவது சாகணும். அந்தத் தண்டு சொல்றீங்களே, அதுல அந்தச் சின்னப் பொண்ணு பாப்பாவோட கைலி சிக்கிச்சுன்னு வைங்க—"

"அப்படி ஒண்ணும் நடக்கலையே."

"நடக்கலைன்னா அப்புறம் கதை எதுக்கு?"

நான் தேத்தண்ணிக் கிளாஸைத் தள்ளிவைத்தேன். ஒரு பெண்ணைத் தராசில் ஏற்றி, ஏலம் விட்டு, இரும்புக்குப் பதில் தொங்கவிட்டது போதாதாம், கூடவே ரத்தமும் வேண்டுமாம். பாப்பா செத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜெயபாலன் விதி என்றிருப்பார், தௌக்கே சவப்பெட்டிக்குப் பணம் அனுப்பியிருப்பார், பத்திரிகையில் நாலு வரி வந்திருக்கும், டிரைவரின் கவனக்குறைவு என்று கஸ்பாரைத் தூக்கி உள்ளே வைத்திருப்பார்கள். நீங்களும் ஐயோ பாவம் என்று பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். விபத்து நடக்காத நாட்கள்தான் எனக்குக் கதை. அந்த நாட்களில்தான் அது சாதாரண வேலையாகிப்போனது.

இந்தக் கதையில் யாரும் சாக மாட்டார்கள். அதற்காகக் காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

10

மழை பெய்து விட்ட மறுநாள். மலையடியில் ஒரு சரிவு, சரிவின் கீழே ஈயம் தோண்டிய பழைய குட்டை. ஈரச் செம்மண் காய்ந்த மண்ணைவிடக் கனம். கஸ்பார் பக்கெட் நிறைய அள்ளி, லோரிக்குள் கொட்டுவதற்காக உயரத் தூக்கினான். பின்னால் இரண்டு பேர் இருந்தும் சக்கரம் லேசாகிவிட்டது. அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்காமல் குட்டைப் பக்கம் மெல்ல வழுக்கத் தொடங்கியது.

ராக்காயி காலுக்கடியில் அதை உணர்ந்தாள். தகட்டைப் பிடித்தபடி உடம்பைப் பின்னால் சாய்த்து, கை இற்றுப்போகும்படி தொங்கினாள். இன்னும் கனமாக வேண்டும். அவள் வாய் தானாக முணுமுணுத்தது: மாரியாத்தா, என் கனத்தக் கூட்டு. உலகத்தில் எந்தப் பெண்ணாவது சாமியிடம் இப்படி வேண்டிக்கொண்டதுண்டா? ராக்காயி வேண்டிக்கொண்டாள்.

"இன்னொரு கல்லு!" என்று ஜெயபாலன் மேட்டில் நின்றபடி அலறினார். "முத்தம்மா, ஓடு! ஏறு!"

முத்தம்மா ஓடிவந்து பாப்பாவின் தோளைப் பற்றிக்கொண்டு தொற்றினாள். சக்கரம் மண்ணைக் கவ்வியது. வண்டி நின்றது.

அந்தக் கணமே குதித்துவிட வேண்டும் என்று ராக்காயிக்கு உடம்பெல்லாம் துடித்தது. குதிக்க முடியாது. பக்கெட் இன்னும் மேலே இருந்தது. அவள் இறங்கினால் கஸ்பாரும் பாப்பாவும் முத்தம்மாவும் வண்டியோடு குட்டைக்குள் போவார்கள். அவளுக்குக் கோபப்படக்கூட அப்போது வழியில்லை, பக்கெட் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெயபாலன் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்.

"கஸ்பாரு, மண்ண கீழ எறக்கு."

"எறக்குறேன்க்கா. மெதுவாத்தான் எறக்கணும். அசையாம இருங்க."

பக்கெட் அங்குலம் அங்குலமாக இறங்கி மண்ணில் உட்கார்ந்தது. ராக்காயி இறங்கினாள். பின்னாலேயே பாப்பா இறங்கினாள். முத்தம்மாவும் இறங்கினாள். வேர் பொறுக்கியவர்களும் வாய்க்கால்காரர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

ஜெயபாலன் சரிவில் இறங்கி வந்தார்.

"யாரு எறங்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல," என்றாள் ராக்காயி. "ஏறத்தான் ஒருத்தரு சொல்லணும். எறங்க நானே எறங்குவேன்."

"வெளையாடுறியா? லோரி நிக்குது. ஏறு."

"ஏற மாட்டேன். டிரம்மு கொண்டாந்து மாட்டுங்க. இல்ல, நீங்க ஏறுங்கண்ணே. தராசுல உங்களையும் நிறுத்துப் பாத்தா தெரியும், எந்தக் கல்லு பெருசுன்னு."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். ஜெயபாலனின் காது சிவந்துவிட்டது.

"வீடு வேணுமா, வேணாமா?"

"வேணும். வீடும் வேணும், வேலையும் வேணும். வேர் பொறுக்கச் சொல்லுங்க, வாய்க்கா வெட்டச் சொல்லுங்க, ராவும் பகலும் வெட்டுறேன். கல்லா நிக்க மாட்டேன்." அவள் குரல் உடைந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்து இன்னும் சத்தமாகப் பேசினாள். "நான் ஆளுண்ணே. என்னைய ஆளா வேலைக்கு வைங்க!"

ஜெயபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி. நீ போய் மூட்டையக் கட்டு," என்றார். "முத்தம்மா. நீ ஏறு."

11

இதற்கு மேல் நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் முத்தம்மா ஏறுகிறாள். லயத்துக் கடைசி வீடு, பிள்ளைகள், வேறு வழியில்லை. ராக்காயியின் முகத்தைப் பார்க்காமல் ஏறிப்போய்த் தகட்டைப் பிடித்துக்கொள்கிறாள். ராக்காயி சரிவில் தனியாக ஏறி நடக்கிறாள். இதை எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு என் கண்ணீர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அது ரொம்பச் சுலபமாக வந்திருந்தது.

இரண்டாவதில் முத்தம்மா ஏறவில்லை. பாப்பா ஏறவில்லை. செல்லாயி கூடையைக் கீழே போடுகிறாள், கஸ்பார் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவருகிறான், விசிலடித்த வாய்க்கால்காரர்கள்கூட மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு—

இதைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் படித்தால் கைதட்டுவார்கள். தட்டிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு சாப்பிடப் போவார்கள்.

மூன்றாவதில் ஜெயபாலனே தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஏறுகிறார். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அடித்துவிட்டேன்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பஸ் செமோரில் நின்ற பிறகும் இறங்காமல், ராக்காயி அதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனாள். ஆனால் நான் அதை எழுதப் போவதில்லை. எதை எழுதினாலும் உங்களுக்கு அது சௌகரியம். தோற்றாள் என்றால் பரிதாபப்படுவீர்கள், ஜெயித்தாள் என்றால் சந்தோஷப்படுவீர்கள். இரண்டில் எதைச் செய்தாலும் கதையை மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுவீர்கள். ராக்காயிக்கு அப்படி எழுந்து போக வசதி இல்லாதபோது உங்களுக்கு மட்டும் அதை நான் ஏன் செய்துதர வேண்டும்?

ஆகவே ஒன்று செய்கிறேன். முத்தம்மாவை இந்தக் கதையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், அவள் போதும்போதும் என்கிற அளவுக்குப் பட்டுவிட்டாள். அவள் நின்ற இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். லயத்தில் உங்களுக்கும் ஒரு வீடு இருக்கிறது. அடுப்பில் காலையில் வைத்த சோறு இருக்கிறது, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சாயங்காலம் அந்த வீட்டுக்குத்தான் வருவார்கள். வீட்டில் வேலைக்கு வரக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

கஸ்பார் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறான். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. லோரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். டிராக்டரின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. ஜெயபாலன் உங்களைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, "ம், ஏறு," என்கிறார். ராக்காயி உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.